இறக்கைக்கு இந்தப் பக்கம்

ஜூன் 12, 2024 – புதன்

இரண்டாவது இறக்கையில் பாதிவரை தைத்தாகிவிட்டது. விரல் நுனியெல்லாம் எரிகிறது. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு விமானம் என்னை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது!

மறந்துபோகாமல் இருக்க முறையை எழுதி வைக்கிறேன். இறக்கையைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஸ்டூலில் நான். அந்தப் பக்கம் நாற்காலியில் இவர். ஒரு சாண் நீளத்துக்கும் அதிகமான ஊசி. நான் துணிக்குள் விட்டால் உள்ளே இருக்கிற மரச்சட்டத்தை ஒட்டி அந்தப் பக்கம் போகும். இவர் இடது கையால் இழுத்து, சட்டத்தின் மறுபக்கமாக எனக்குத் திருப்பி அனுப்புவார். வாங்கி நான் முடிச்சுப் போட வேண்டும். மூன்று அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. இப்படித்தான் துணி மரத்தோடு நிற்கும். இல்லையென்றால் மேலே போனதும் காற்று உரித்து எடுத்துவிடுமாம்.

துணி வழியாக இவர் முகம் தெரியாது. நிழல் மட்டும் தெரியும். அந்த நிழல் என்னைத் திட்டுகிறது. "ஏளா, இழுக்காத. பிடி. இழுக்கது வேற, பிடிக்கது வேற."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த மனுஷன் என்னோடு சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் உட்கார்ந்ததே இல்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே, நடுவில் ஒரு இறக்கை இருந்தாலும்.

ஜூன் 13

இவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். வேறு விசேஷம் இல்லை. இதுவே விசேஷம்தான்.

ஜூன் 23 – ஞாயிறு

கோவிலுக்குப் போய்வந்து எழுதுகிறேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. நன்றி சொல்வதற்கு ஒரு பட்டியலே இருந்தது, அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆராதனை முடிந்துவிட்டது.

போன நவம்பரில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் பாதி திரும்பி வந்தது, கம்பு ஊன்றி நடப்பார். வலது கை வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பையனை இரண்டாம் நாளே விரட்டிவிட்டார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், ஆறு மாசம். சாப்பாடு கொண்டுபோனால் "வை" என்பார். நான் எத்தனை தடவை அந்தச் சுவரோடு சண்டை போட்டிருக்கிறேன்!

மே மாதம் தாணுலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். ஏரல்காரர். மருந்துக்கு நிலாவரை இலை ஏற்றுமதி செய்கிறவர். வடக்கே மூடிப்போன ஒரு ஃபிளையிங் கிளப்பில் பழைய டைகர் மாத் ஒன்றை வாங்கி, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையில் இருக்கும் தன் குடோனில் வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்துப் பைலட்டுகள் ஓட்டிப் பழகின விமானம். உடம்பெல்லாம் குழாயும் மரமும் துணியும். பக்கத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு, மொத்தம் நாலு இறக்கை. அந்தத் துணி டிசம்பர் வெள்ளத்தில் ஊறி இற்றுப்போய்விட்டது. இவர் ஏர்ஃபோர்ஸில் டகோட்டா விமானங்களின் சுக்கானுக்குத் துணி போட்ட ஃபேப்ரிக் ஒர்க்கர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், இந்த வேலைக்கு இந்தப் பக்கத்துல உங்கள விட்டா ஆள் கிடையாது."

இவர் சுவரைவிட்டுத் திரும்பாமலே, "கை இல்ல அண்ணாச்சி. போயிட்டு வாங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அடுப்படியிலிருந்தே கத்தினேன். "கை இருக்கு அண்ணாச்சி. நான் இருக்கேன். இவங்க வாயால சொல்லட்டும், நான் தைக்கேன்."

இப்போது தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, ஆட்டோ வரவில்லையே என்று என்னை விரட்டுகிறார். ஆனால் ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. ஆகஸ்ட் 20ஆம் தேதி சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் சரி என்றால்தான் விமானம் பறக்கலாம். அதற்குள் முடியாவிட்டால் மழைக்காலம் வந்துவிடும். அண்ணாச்சியின் மகன் ஒரு ரிசார்ட்டுக்காரரிடம் பேசி வைத்திருக்கிறான், வாசலில் அலங்காரமாகத் தொங்கவிட. விமானம் அங்கே தொங்கினால் இவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஜூலை 9 – செவ்வாய்

மேல்காற்று வாங்கு வாங்கென்று வாங்குகிறது. ஊர் முழுக்கக் கண்ணில் மண். எங்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

துணியை இறுக்கிப் பிடிக்க வைக்கிற பூச்சுக்கு டோப் என்று பேர். நகப்பூச்சு வாடைதான், ஆனால் வாளிக்கணக்கில். காற்று காய்ந்திருந்தால்தான் அதைப் பூசலாம். கிழக்கேயிருந்து கொண்டல் காற்று திரும்பி கடல் ஈரம் ஏறிவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும். பூசுகிறவன் மாசானம். கீழவைப்பாரில் வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன். குடோன் வாசலில் நின்று மூக்கைத் தூக்கி மோந்துபார்த்து, "இன்னைக்கு அடிக்கலாம்" அல்லது "நாளைக்குப் பாப்போம்" என்பான். இன்ஜினியர் பிரைட்டன் ஈரம் அளக்கிற மீட்டரைக் காட்டி வாதாடுவார். சாத்தான்குளத்துப் பிள்ளை, லைசென்ஸ் வைத்திருக்கிறவர், விமானத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர். வாதாடத்தானே செய்வார். அரைமணி நேரத்தில் மீட்டரும் மாசானம் சொன்னதையே சொல்லும்.

இவர் சிரித்தார். வாய் கொஞ்சம் கோணித்தான். நான் பார்க்காத மாதிரி நூல் கோத்தேன்.

ஜூலை 19 – வெள்ளி

மூன்று இறக்கை முடிந்தது. நாலாவதில் இரண்டு சட்டம்கூட ஆகவில்லை, தேன்மெழுகு தீர்ந்துவிட்டது.

நூலை மெழுகில் இழுத்துத்தான் தைக்க வேண்டும். இல்லையென்றால் பிரி பிரியாகப் போகும், முடிச்சு வழுக்கும். கொடைக்கானலிலிருந்து வர எட்டு நாளாகுமாம். எட்டு நாள் இவர் வீட்டில் இருந்தால்? மறுபடி அந்தக் கட்டில், அந்தச் சுவர்.

பரணில் என் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேண்டில் லைட் ஆராதனை முடிந்ததும் பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் துண்டு மெழுகுவர்த்திகளையெல்லாம் பொறுக்கிச் சேர்ப்பேன். நாசரேத்தில் தையல் டீச்சர் யாரும் மெழுகைக் காசு கொடுத்து வாங்கியதே கிடையாது. முப்பத்தோரு வருஷம் பிள்ளைகள் அதில்தான் நூல் இழுத்தார்கள். ஒரு பொத்தான் விழுந்ததில்லை.

மெழுகு மெழுகுதானே? இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ரூல் பேசுவார், வேலையை நிறுத்துவார். வீட்டிலேயே நூலை இழுத்துச் சுற்றிக் கொண்டுபோனேன். கோவிலில் எரிந்த மெழுகு, அதுவும் ஒரு ஆசீர்வாதம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நூல் இன்னைக்கு வழவழன்னு வருதே" என்றது நிழல். பெருமையாக இருந்தது.

ஜூலை 28 – ஞாயிறு

நேற்று கடைசி முடிச்சு. நாலு இறக்கையும் முடிந்தது. இனி மாசானம் தையலுக்கு மேல் நாடா ஒட்டி டோப் பூச வேண்டியதுதான். இன்று காணிக்கைத் தட்டு வந்தபோது மனசில் இருந்த நன்றிக்கு அது போதவே போதாது என்று தோன்றியது.

ஆகஸ்ட் 5 – திங்கள்

நாலாவது இறக்கையில் நாடா தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு இடத்தில் இல்லை, வரிசையாக, முதல் சட்டத்தைத் தவிர எல்லாச் சட்டத்திலும். விரலால் தள்ளினால் உரிந்து வருகிறது.

பிரைட்டன் முகம் சிவந்துபோனார். "சனிக்கிழமை சாயங்காலம் கொண்டல் அடிச்சுது. அந்த ஈரத்துல அடிச்சிருக்க. மூக்க வச்சு வேலை பாத்தா இப்படித்தான்!"

மாசானம் சொன்னான்: "ஈரத்துல அடிச்சா வெள்ளையாப் பூக்கும் சார். இது பூக்கல, ஒட்டல. அடியில என்னவோ பசை இருக்கு. வள்ளத்துல மீன் எண்ணெய் இருந்தா இப்படித்தான் உரியும்."

யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி, "நாளைலருந்து வரவேண்டாம்ல" என்று சொல்லிவிட்டார். மாசானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

நான் நின்றுகொண்டிருந்தேன். உரிந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். நகத்தில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 6

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 7 – புதன்

பொய். நேற்று தலைவலியும் இல்லை ஒன்றும் இல்லை.

இவர் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஏர்ஃபோர்ஸ் நோட்டை எடுத்துத் தரச் சொன்னார், டோப் ஏன் உரியும் என்று பார்க்க. எடுக்கும்போது நானே புரட்டினேன். இவருடைய இருபத்தைந்து வயசுக் கையெழுத்து, கோடு போட்ட மாதிரி. "தேன்மெழுகு மட்டும். பாரஃபின் கலப்பு கூடவே கூடாது." மெழுகுவர்த்தி வேறென்ன? பாரஃபின்தானே. அது இருக்கிற இடத்தில் டோப் பிடிக்காது. நோட்டு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கிருபை என்று பேர் வைத்தார்களே எனக்கு! ஒருத்தன் பிழைப்பு என் வாயில் அடைபட்டிருக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். ஏன்? சொன்னால் இந்த இறக்கையை முழுக்கப் பிரிக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் நடக்காது. விமானம் ரிசார்ட் வாசலுக்குப் போகும். இவர் சுவருக்குப் போவார். பிரைட்டன் உரிந்த நாடாவை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்கிறார். ஒட்டினால் ஒருவேளை நிற்கலாம். இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்...

இன்று மதியம் அனுஜா வந்தாள். இதை முதலில் ஓட்டப்போகிற பைலட். முப்பத்திரண்டு வயசுதான் இருக்கும். நல்லா இருக்கிற இறக்கையைத்தான் பார்த்தாள். விரலை மடக்கித் தட்டினாள், தவில் மாதிரி கும்மென்று சத்தம். "யாரு தச்சது?" என்று கேட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க தையல நம்பித்தான் டீச்சர் ஏறுறேன். அம்மாட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன், ஒரு தையல் டீச்சர் தச்சது, பயப்படாதன்னு."

டீயை வாயில் வைக்க முடியவில்லை. நான் என்ன மனுஷி? ஆண்டவரே, நான் என்ன மனுஷி!

ஆகஸ்ட் 8 – வியாழன்

காலையில் இவரிடம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுக் கீழவைப்பாருக்கு பஸ் ஏறினேன். மாசானம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். மெழுகுவர்த்தி, ஹார்லிக்ஸ் பாட்டில், எல்லாம்.

சிரித்து "பரவாயில்ல டீச்சர்" என்று சொல்லுவான் என எதிர்பார்த்தேன் போல. சொல்லவில்லை.

"மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல டீச்சர். என் பிள்ளை முன்னால திருட்டுப்பய மாதிரி உக்காந்திருக்கேன். என்னைய எல்லாரு முன்னாலயும் வச்சுச் சொன்னாங்க. நீங்களும் எல்லாரு முன்னாலயும் வச்சுச் சொல்லணும்."

"அதுக்குத்தான் கூப்பிட வந்தேன் தம்பி. வா, இந்த பஸ்லயே போவோம்" என்றேன்.

குடோனில் எல்லோரும் இருந்தார்கள். இவரும். நான் சொன்னேன். ஒன்றையும் விழுங்கவில்லை. பிரைட்டன் இறக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அப்புறம் மாசானத்திடம் வந்து, "மன்னிச்சிருங்க அண்ணே" என்றார். அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "படிச்சவங்க நீங்க" என்று மட்டும் சொன்னார். அது போதாதா. பிறகு யார் யாருக்கோ போன் செய்தார். இன்ஸ்பெக்டரை செப்டம்பர் 6க்குத் தள்ளிவைக்கப் பிரைட்டன் பேசினார். ரிசார்ட்டுக்காரருக்குச் செப்டம்பர் 10 வரை தவணை. அதற்கு மேல் மகனிடம் பேச முடியாது என்றார் அண்ணாச்சி. மிச்சமிருக்கிற துணி சரியாக ஒரு இறக்கைக்கு வரும். இன்னொரு தடவை தப்பு செய்ய முழம் துணி கிடையாது.

இவர் கம்பை ஊன்றி எழுந்து ஆட்டோவில் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். சுவரைப் பார்த்து.

நான் யாருக்காகச் செய்தேனோ அவரே சுவருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 9 – வெள்ளி

விடியும்போது கம்புச் சத்தம். அடுப்படி வாசலில் நிற்கிறார், அதே கசங்கின சட்டையோடு.

"கத்தரிக்கோல் எடுத்துக்கிட்டியா?"

நான் அழ ஆரம்பித்தேன். "அழுகய ஆட்டோல வச்சுக்க. நாந்தானே அந்தப் பக்கம் இருந்தேன். நூலு வழவழன்னு வந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ஃபேப்ரிக் ஒர்க்கராம் ஃபேப்ரிக் ஒர்க்கர்" என்றார். இவர் தன்னைத் திட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. சுவரைப் பார்த்து இரவெல்லாம் இதைத்தான் யோசித்திருக்கிறார் போல.

நாலாவது இறக்கையின் துணி முழுவதையும் வெட்டி உரித்தோம். மாசானமும் ஒரு பக்கம் பிடித்தான். என்னோடு பேசவில்லை. டீ வந்தபோது மட்டும் என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தான். ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 17

கொடைக்கானல் தேன்மெழுகு. ஊசி போகிறது, வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு சட்டம். இடுப்பு விட்டுப்போகிறது. மாசானம் இன்று பேசினான்: "டீச்சர், வீட்ல மெழுகுவர்த்தி இருந்தா குடுங்க, கரண்டு போயிருச்சு." எல்லோரும் சிரித்தார்கள், இவர்தான் கூடுதலாக. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே.

ஆகஸ்ட் 24 – சனி

இன்றைக்கு உள்ளதை நிதானமாக எழுத வேண்டும்.

கடைசிச் சட்டம் மட்டும் பாக்கி. நான் கை கழுவி, பிரைட்டனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தேன். என் ஸ்டூலில் இவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் நின்று ஊசி வாங்கிக் கொடுக்கிறது மாசானம். சட்டத்தில் புதிதாக மூன்று முடிச்சு. இவர் வேர்வையில் குளித்திருக்கிறார். ஊசி வலது கையில்.

வலது கையில்!

ஒன்பது மாசமாக ஒரு டம்ளரைப் பிடிக்காத கை. எப்போதிருந்து என்று கேட்டேன். "கொஞ்ச நாளா. நீ அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் நூல உருட்டி உருட்டிப் பாப்பேன்" என்றார். இறக்கை மறைத்துவிட்டது. இத்தனை நாளும் நான் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் கேட்டார். "எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். முதல் முடிச்சு தளர்வு. இரண்டாவது கோணல். மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் விரலை விட்டால் நகருகிறது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. நல்லா இருக்கு என்று சொல்லிவிடலாமா? மூன்றே மூன்று முடிச்சு. இந்தக் கைக்காக ஆண்டவர் இதைக்கூடத் தாங்கிப்பிடிக்க மாட்டாரா? அனுஜாவின் அம்மா ஞாபகம் வந்தது.

"நிக்காது" என்றேன்.

மாசானம் எங்கேயோ பார்த்துக்கொண்டான்.

"அப்ப வெட்டு" என்றார் இவர்.

"இன்னைக்கே வெட்டணுமா..." என்று இழுத்தேன்.

"வெட்டுளா. உன் கைக்கு ஒரு நியாயம், என் கைக்கு ஒரு நியாயமா?"

வெட்டினேன். மூன்றையும். என் கண்ணீர் துணியில் விழுந்துவிடக் கூடாதே என்று அதை வேறு துடைத்துத் துடைத்து வெட்டினேன். வெட்டின நூலைக் குப்பையோடு அள்ளிப் போட்டேன். இவர் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து தைத்தோம். ஐந்தே கால் மணிக்கு முடிந்தது.

விமானத்துக்கு உதவாத முடிச்சுதான். எனக்கு அதைவிடப் பெரிய உதவி இந்த ஜென்மத்தில் யாரும் செய்ததில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 1

மஞ்சள் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. லாரியில் வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குப் போயிற்று. லாரிக்குப் பின்னால் ஆட்டோவில் நாங்கள், கல்யாணப் பெண்ணோடு போகிற மாதிரி.

செப்டம்பர் 6

இன்ஸ்பெக்டர் நாலாவது இறக்கையில் மட்டும் ஒரு மணி நேரம் நின்றார். பிரைட்டன் நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 12 – வியாழன்

பறந்தது.

நான் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தம் கூடியதும் தலையைக் குனிந்துகொண்டேன், ஜெபமும் வரவில்லை, "அனுஜா, அனுஜா" என்றுதான் வந்தது. இவர்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "வால் தூக்கிருச்சு... சக்கரம் விட்டுருச்சு... ஏளா, ஏறிருச்சு, பாரு... கிழக்க உப்பளத்துப் பக்கமா திரும்புதா..." பன்னிரண்டு நிமிஷம். இறங்கி வந்த அனுஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள், அப்புறம் எனக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். தாணுலிங்கம் அண்ணாச்சி கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். மாசானம் நாலாவது இறக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டியிருக்கு டீச்சர்" என்றான்.

செப்டம்பர் 13 – வெள்ளி

காலையில் முழித்தால் கட்டிலில் ஆள் இல்லை. குளியலறையில் இல்லை. கொல்லையில் இல்லை. கம்பும் இல்லை. "என்னங்க" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு டயானா ஓடி வந்துவிட்டாள்.

"அங்கிள் அஞ்சரைக்கே பஸ் ஸ்டாப்புல நின்னாங்களே ஆன்ட்டி. திருநெல்வேலி வண்டில ஏறுனாங்க. நான் கை குடுக்கப் போனேன், வேண்டாம்னுட்டாங்க."

சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள். டிரங்குப் பெட்டி நோட்டில் இருந்த அதே கையெழுத்து, ஆனால் நடுநடுங்கி, கோட்டை விட்டு ஏறி இறங்கி, பென்சில் அழுத்தின அழுத்தில் இரண்டு இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

"கிருபை, பறந்த பிறகு தையல் தளர்ந்திருக்கா பாக்கணும். வாகைக்குளம் போறேன். மத்தியானம் சாப்பாடு கொண்டு வா. முட்டை ரெண்டு."

சொல்லாமல் கொள்ளாமல் போன மனுஷனை என்ன செய்தால் தகும்? வரட்டும், வைத்துக்கொள்கிறேன். பஸ்ஸில் விழுந்து வைத்திருந்தால்? தாளைக் கையில் வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டே அழுது, அழுதுகொண்டே சிரித்து, டயானா பயந்துபோனாள்.

எழுத்துக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து போடலாம். பாஸ்.

முட்டை அவிந்துகொண்டிருக்கிறது. பத்தரை வண்டியைப் பிடிக்க வேண்டும்.